ஒருத்தர் வாசிக்க, ஒருத்தர் அமுக்க

"ஹலோ… ஹலோ… யாரு? … யாரு பேசறது? … ஓ, நீங்களா. … இல்ல தம்பி, நான் என் பொண்டாட்டி நம்பருக்குத்தானே போட்டேன்? … ஆமா, ஆமா, நம்பர் சரிதான், அது எனக்கும் தெரியும். எடுத்த ஆள்தான் மாறிப்போச்சு. … சும்மா சொன்னேன், விடுங்க. அவ போன் உங்க கைக்கு எப்படி வந்துச்சு? … கையில இல்லையா? … சர்வர் பக்கத்துலயே வெச்சிருக்கா? குனிஞ்சுதான் பேசறீங்களா? சரி. வெச்ச போன் அடிச்சா, அடிச்சு ஓயட்டும்னு விடவேண்டியதுதானே? நீங்க ஏன் எடுக்கறீங்க? … ஓயவே மாட்டேங்குதா? அது உண்மைதான். நான் அடிச்சா ஓயமாட்டேன்."

பேசியவர் பிரிண்டர் ரிப்பேர் கடை வைத்திருப்பவர். பிரிண்டர்க்காரர் என்று கேட்டால்தான் அந்தத் தெருவில் வழி காட்டுவார்கள். மேசையில் ஒரு பிரிண்டர் வயிற்றைத் திறந்துகொண்டு மல்லாந்து கிடந்தது. அதைக் கொண்டுவந்த வக்கீல் குமாஸ்தா எதிரே நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். காலையிலேயே தருவதாகச் சொன்ன சாமான். ஆனால் பிரிண்டர்க்காரருக்குக் காலையிலிருந்து கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. மையை ஊற்ற வேண்டிய இடத்தில் பாதியும் தன் விரல்களில் பாதியுமாக ஊற்றிக்கொண்டிருந்தார்.

காரணம், அவர் மனைவி வேலை பார்க்கும் மருந்துக் கம்பெனி. மொத்த வியாபாரம். மருந்துக் கடைகளுக்கெல்லாம் சரக்கு அங்கிருந்துதான் போகிறது. அந்தக் கம்பெனியின் சர்வர் இன்று காலை எழுந்திருக்கவில்லை. சர்வர் என்பது வேறொன்றுமில்லை, எல்லா பில்லும் எல்லா இருப்பும் உட்கார்ந்திருக்கும் பெரிய கம்ப்யூட்டர். உள்ளே இருக்கிற கணக்கெல்லாம் பத்திரம். கம்ப்யூட்டரை ஓட்டுகிற ஓஎஸ்தான் கெட்டுவிட்டது. அதை அழித்துவிட்டுப் புதிதாகப் போட்டால்தான் எதுவும் நகரும். கவுண்டரில் கையால் எழுதிக்கொண்டிருக்கிறார்கள். மருந்து ஏற்றிய வேன்கள் பில் இல்லாமல் வாசலில் நிற்கின்றன. முதலாளிக்குப் பொறுமை என்பது வாங்கி வைக்க மறந்துபோன சாமான். வெளிக் கம்பெனி ஆள் ஒருவரை வரவழைத்துத் தன் அறையில் உட்கார வைத்துவிட்டார். மத்தியானத்துக்குள் சர்வர் எழுந்தால் சரி. எழாவிட்டால் சர்வரும் அந்த ஆளுக்கு, அதைப் பார்த்துக்கொள்ளும் வேலையும் அந்த ஆளுக்கு. அந்த வேலை பிரிண்டர்க்காரரின் மனைவியுடையது. வீட்டில் அடுப்பு எரிவதும் அந்தச் சம்பளத்தில்தான்.

முதல் தடவை கூப்பிட்டபோதே அவள் இதையெல்லாம் சொல்லிவிட்டாள். அதோடு அவர் சும்மா இருந்திருக்கலாம். முடியவில்லை. அந்த சர்வர் அறையில் ஒரு காலத்தில் அவரும் அவளும்தான் வேலை பார்த்தார்கள். இரண்டு பேரில் ஒருவர் போதும் என்று முதலாளி சொன்னபோது, 'நீ இரு, நான் கிளம்பறேன்' என்று பெருந்தன்மையாக எழுந்து வந்தவர் இவர். அந்தப் பெருந்தன்மை இன்னும் தொண்டையில் மீன்முள் மாதிரி நிற்கிறது. ஏனென்றால் கொஞ்ச காலத்திலேயே வேலை கூடிப்போய், இன்னொரு ஆளைச் சேர்த்துக்கொண்டார்கள். இவரைத் திரும்பக் கூப்பிடவில்லை. வந்தவனுக்கு நல்ல உயரம், அடர்த்தியான தலைமுடி, இஸ்திரி கலையாத சட்டை. இந்த மூன்றுமே பிரிண்டர்க்காரரிடம் கொஞ்சம் பற்றாக்குறை. அவனுக்குக் 'கொக்கு' என்று பெயர் வைத்தார். வீட்டுக்குள் மட்டும் வழங்குகிற பெயர். இப்போது போனை எடுத்தது அந்தக் கொக்குதான்.

"அவ எங்க? … முதலாளி ரூம்லயா? எதுக்குக் கூப்பிட்டாரு? … எவ்வளவு நேரம் ஆகும்னு கேக்கறாரா. … ஆமா, ஆமா, அவர் கேப்பாரு. ஓஎஸ் போடறதுன்னா சட்டை மாத்தற மாதிரின்னு நெனப்பு அவருக்கு. … சரி, எதுவரைக்கும் வந்திருக்கு? பழசை அழிச்சாச்சா? … எந்த டிஸ்க்கை? சிஸ்டம் டிஸ்க்கைத்தானே? … பேரைப் பாத்து அமுக்கினீங்களா, சைஸைப் பாத்தா? பென்டிரைவ் சொருகினா டிஸ்க் பேரெல்லாம் எடம் மாறி நிக்கும், அது தெரியுமில்ல? … சைஸைப் பாத்துத்தானா. … சரி, கணக்கு இருக்கற டிஸ்க்கோட கேபிளை முன்னாடியே கழட்டி வெச்சீங்களா? … ஓ. … கழட்டியாச்சா. … பேக்கப்? … ரெண்டா? எதுக்கு ரெண்டு? … இல்ல, நல்லதுதான். நல்லதுதான்னுதான் சொல்றேன்."

ஒரு தப்பாவது அகப்படும் என்று ஆசையாக இருந்தார். ஒன்றும் அகப்படவில்லை. பிரிண்டர்க்காரருக்கு முகம் தொங்கிவிட்டது.

"இதெல்லாம் யாரு சொன்னா, அவளா, நீங்களா? … அவளா. அதான் பாத்தேன். அது நான் அவளுக்குச் சொன்னது தம்பி. கேபிளைக் கழட்டாம பழசை அழிக்கறவன் கையை ஒடிக்கணும்னு நான்தான் சொல்லுவேன். … ஆமா, கோவக்காரன்தான். அவளே சொன்னாளா? … வேற என்ன சொன்னா என்னைப் பத்தி? … ஒண்ணும் சொன்னதில்லையா. … ம். … என்ன, போனைப் பத்தியா? போனைப் பத்தி என்ன? … இருங்க, இருங்க, அதுக்கு முன்னாடி நான் ஒண்ணு கேக்கறேன். நீங்க எங்க உக்காந்திருக்கீங்க? … சர்வர் முன்னாடி, அது தெரியுது. எந்த நாற்காலி? … கை வெச்ச நாற்காலியா? … சுவர் பக்கம் இருக்குமே, அதுவா? … ம்… ம்… ஒண்ணுமில்ல, சும்மா கேட்டேன். அது கொஞ்சம் ஆடும், பாத்து உக்காருங்க. … ஆடலையா? … நீங்களே சரி பண்ணிட்டீங்களா. … சந்தோஷம்."

சந்தோஷம் என்ற சொல்லை இத்தனை துக்கமாக யாரும் சொல்லிக் கேட்டதில்லை என்பதுபோல் குமாஸ்தா நிமிர்ந்து பார்த்தார். தன் பிரிண்டர் இன்றைக்கு வீடு திரும்பாது என்பது அவருக்கு ஓரளவு தெரிந்துவிட்டது. போனால் போகட்டும், இங்கே நடப்பது சுவாரசியமாக இருக்கிறது என்று சம்மணமிட்டு உட்கார்ந்துகொண்டார்.

"யாரு, அவ வந்துட்டாளா? போனைக் குடுங்க அவகிட்ட. … குடுக்க முடியாதா? என் பொண்டாட்டி போனை என் பொண்டாட்டிகிட்ட குடுக்க முடியாதா? … ஸ்பீக்கர்ல போடறீங்களா, எதுக்கு? … சரி போடுங்க, போடுங்க, எதையோ போடுங்க. … ஏம்மா? … ஏம்மா, நான்தான். … வேற யாரு இத்தனை தடவை கூப்பிடுவா உன்னை? … என்ன சொன்னாரு முதலாளி? … அந்த வெளியாள் பையைத் திறந்து எல்லாத்தையும் எடுத்து வெச்சுட்டானா? அடப்பாவி. … ஆள் எப்படி? … இல்ல, சும்மா கேக்கறேன், உயரமா? … ஏன் கேக்கக் கூடாது? … சரி விடு. நீ பயப்படாதே. மத்தியானத்துக்கு இன்னும் நேரம் இருக்கு. … வைக்கவா? ஏன் வைக்கணும்? … நான் வைக்க மாட்டேன். காலையிலேர்ந்து இதே பாட்டைத்தான் பாடறே, வைங்க, வைங்கன்னு. … ரெண்டாம் தடவை கூப்பிட்டேன், வைங்கன்னு கட் பண்ணே. மூணாம் தடவை கூப்பிட்டேன், ஹலோ கூடச் சொல்லல, நேரா வைங்க. … இப்போ நீ கட் பண்ணிப் பாரு, திரும்பக் கூப்பிடுவேன். திரும்பத் திரும்பக் கூப்பிடுவேன். … ஆமா, வேலைவெட்டி இல்லாதவன்தான்."

குமாஸ்தா மேசையில் மல்லாந்து கிடந்த தன் வேலையைப் பார்த்தார். பிரிண்டர்க்காரர் அதைக் கவனிக்காதவர்போல் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"என்ன சொல்லணும்? … நீ அப்புறம் சொல்லு, முதல்ல நான் சொல்றதைக் கேளு. … கேளும்மா. … முந்தாநாள் ராத்திரி சாப்பிடறப்போ உனக்கு ஒரு மெசேஜ் வந்துச்சு, பாத்துட்டு நீயா சிரிச்சே. என்னன்னு கேட்டேன். ஆபீஸ் விஷயம்னே. நானும் அந்த ஆபீஸ்ல இருந்தவன்தான். அங்க சிரிக்கற மாதிரி ஒரு விஷயமும் கெடையாது. … என் காதுல பூ சுத்தாதே. … ம்? … முதலாளி பேத்தியைப் பத்தியா? … சரி, பேத்தியைப் பத்தியே இருக்கட்டும். அதை அனுப்பினது யாரு? … அதான். அதான் கேக்கறேன். … இரு. … இரு இரு, பேசாதே. பின்னாடி என்ன சத்தம்? … யாரோ வாசிக்கறாங்களே? … யாரு வாசிக்கறது? … அவனா?"

பிரிண்டர்க்காரர் நாற்காலியைவிட்டு எழுந்தேவிட்டார். இதற்கு ஏன் எழுந்திருக்க வேண்டும் என்று குமாஸ்தாவுக்கு விளங்கவில்லை. நமக்கு விளங்க வேண்டும். ஓடுகிற வியாபாரத்தின் சர்வரில் கை வைக்கும்போது தனி ஆளாக வைக்கக் கூடாது என்று அவரும் அவளும் ஒரு வழக்கம் வைத்திருந்தார்கள். ஒருத்தர் திரையில் வருவதை எழுத்து விடாமல் சத்தமாக வாசிக்க வேண்டும். இன்னொருத்தர் அதைக் காதால் கேட்டு, 'சரி' என்று வாயால் சொல்லிவிட்டு, அப்புறம்தான் பட்டனை அமுக்க வேண்டும். கண் ஒன்றை நினைத்து ஒன்றைப் பார்க்கும், காது அப்படி ஏமாறாது என்பது அவர் கட்சி. எப்போதும் அவர் வாசிப்பார், அவள் அமுக்குவாள். அந்தக் குளிரான அறையில், அந்த மெஷின் இரைச்சலில், நாளெல்லாம் அவர் வாசித்துக்கொண்டிருப்பார், அவள் சரி, சரி என்று சொல்லிக்கொண்டிருப்பாள். இத்தனை ஒற்றுமையாக அவர்கள் வீட்டில்கூட இருந்ததில்லை.

அந்த வாசிப்பை இப்போது இன்னொருவன் வாசிக்கிறான். அதில் இன்னொரு கொடுமை, கொக்குக்குக் குரலும் நன்றாக இருந்தது.

"அவன் ஏன் வாசிக்கறான்? … வழக்கம்தான், வழக்கம்தான். வழக்கம்னு எனக்குத் தெரியாதா, வெச்சதே நான்தானே! … அதுக்காக அவனைப் பிடிச்சு வாசிக்கச் சொல்லுவியா? நீயே வாசிச்சு நீயே அமுக்கிக்கக் கூடாதா? … தனியா செய்யக் கூடாதுன்னு சொன்னதும் நான்தான், இல்லேன்னு சொல்லல. … எத்தனை நாளா நடக்குது இது? … எத்தனை நாளா அவன் வாசிச்சு நீ சரின்னு சொல்றே? … வேலைக்குச் சேந்ததுலேர்ந்தா! … எங்கிட்ட ஒரு வார்த்தை சொன்னியா? சாயங்காலம் வந்ததும் என்ன நடந்துச்சுன்னு கேட்டா ஒண்ணுமில்லங்கறே. இது ஒண்ணுமில்லையா? … சிரிக்காதே. … நீ சிரிக்கலையா? அப்போ யாரு சிரிச்சது? … கொக்கா? அந்தக் கொக்குக்கு என்ன சிரிப்பு வேண்டிக் கெடக்கு? ஒத்தக் கால்ல நின்னுக்கிட்டு… … என்ன? … ஸ்பீக்கர்லயா இருக்கு? இன்னுமா? … நீ ஏன் சொல்லல? … சொன்னியா. …"

குமாஸ்தா மரியாதைக்காக ஜன்னலைப் பார்த்தார்.

"தம்பி… தம்பி, இருக்கீங்களா? … கொக்குன்னு நான் சொன்னது… அது வந்து… எங்க வீட்டுப் பேச்சு. உயரமா இருக்கீங்களேன்னு ஒரு இதுல… பெருமையாத்தான். … ஆமா, ஆமா. … ஒத்தக் கால் வாய் தவறி வந்தது, அதை விட்டுடுங்க. … நீங்க கொஞ்சம் வெளியே போய் நில்லுங்களேன் தம்பி, நான் அவகிட்ட ரெண்டு வார்த்தை பேசணும். … போக முடியாதா, ஏன்? … திரையைப் பாக்கணுமா. சரி, பாருங்க. காதை மட்டும் மூடிக்கோங்க."

அதற்கப்புறம் அவர் குரல் இறங்கிவிட்டது. கத்துகிறவரைக்கும் வேடிக்கையாக இருந்த மனுஷன், மெதுவாகப் பேச ஆரம்பித்ததும் பார்க்கப் பாவமாகிவிட்டார்.

"ஏம்மா… நான் கேக்கறது ஒண்ணே ஒண்ணுதான். நான் கிளம்பறேன்னு சொன்னேனே அன்னிக்கு, நீ ஏன் போகாதீங்கன்னு ஒரு வார்த்தை சொல்லல? … சொன்னியா? எப்போ? … முதலாளி முன்னாடியேவா? … எனக்கு ஞாபகமே இல்லையே. … நான் பேசிக்கிட்டே இருந்தேனா. … ம்… ம்… நான் பேச ஆரம்பிச்சா மத்தவங்க பேசறது காதுல விழாது, அது உண்மைதான். … எத்தனை தடவை சொன்னே? … ரெண்டு தடவையா. … ம்."

"… இல்லம்மா, அவனைப் பிடிக்கலைன்னு இல்ல. நல்ல ஆள்தான். அதான் எரியுது. கெட்டவனா இருந்தா நிம்மதியா திட்டிட்டு என் வேலையைப் பாத்திருப்பேன். … காலையில நீ கதவைச் சாத்திட்டுப் போறப்போ எனக்கு வயிறு எரியுது. தெனமும். … உன் மேல இல்ல. உன்மேல சந்தேகம்னு நான் எப்போ சொன்னேன்? … காலையிலேர்ந்து சொல்றது வேற, அது கோவம். … அந்த ரூம் மேல எரியுது. அந்தக் குளிர்காத்து மேல. … சர்வர் மேலயும்தான், ஆமா! பச்சக் குழந்தையைத் தூக்கற மாதிரி மாடிப்படியில தூக்கிட்டு வந்து வெச்சவன் நான். அதோட ஓஎஸ்ஸை அழிக்கறீங்க, எனக்கு ஒரு வார்த்தை இல்ல. நான் இங்க உக்காந்து வக்கீல் ஆபீஸ் பிரிண்டர்ல சிக்கின காகிதத்தைப் பிச்சுக்கிட்டு இருக்கேன். … குமாஸ்தா இருக்காரு, எதிர்லதான் இருக்காரு. கேட்டா கேக்கட்டும். …"

குமாஸ்தா கையை ஆட்டி, தனக்கு ஆட்சேபணை இல்லை என்று தெரிவித்தார்.

"… இரு. இவன் என்ன, திரும்பவும் அதையே வாசிக்கறான்? … இணைப்பு இல்லை, மறுபடி முயற்சி செய்யவா… இதைத்தானே வாசிச்சான்? கொஞ்ச நேரம் முன்னாடியும் இதையேதான் வாசிச்சான். … மூணாம் தடவை கூப்பிட்டப்போ நீ வைங்கன்னு சொன்னியே, அப்போகூட பின்னாடி இந்த வரிதான் கேட்டுச்சு. … ஏம்மா, என்ன நடக்குது அங்க? ஏன் ஒரே எடத்துல நிக்குது? … நீ இரு, நீ இரு, நானே சொல்றேன். பென்டிரைவ்ல இருக்கறது ஆரம்பிச்சு விடத்தான். மத்ததெல்லாம் நெட்லேர்ந்து எறங்கணும். நெட் நின்னுபோச்சு, அதான் எறங்கல. … சரிதானே? … சரி, ஆபீஸ் நெட் ஏன் நிக்குது? … ஆபீஸ் நெட்டே சர்வர் வழியாத்தானே போகுது, அப்படி இழுத்து விட்டதே நான்தானே. சர்வர் படுத்துட்டா ஆபீஸ் முழுக்க நெட் இருக்காது. … இருக்காதுல்ல? … அப்போ… அப்போ காலையிலேர்ந்து எறங்கினதெல்லாம் எதுலேர்ந்து எறங்குச்சு? … யாரோட நெட்ல…"

போனைக் காதிலிருந்து எடுத்து, அதை ஒரு தடவை பார்த்துவிட்டு மறுபடி காதில் வைத்தார்.

"போனைக் கையில குடுக்க முடியாதுன்னாரே தம்பி… கேபிள்ல மாட்டியிருக்கா? … சர்வரோட மாட்டியிருக்கா? … உன் போன்லேர்ந்துதான் நெட் போகுதா? … அவர் போன் என்னாச்சு? … அந்த ரூம்ல அவருக்கு சிக்னல் வராதா. … ஆமா. ஆமா, அங்க நம்ம நம்பர் மட்டும்தான் எடுக்கும். அதுக்காகத்தானே நாம ரெண்டு பேரும் அந்த சிம்மையே வாங்கினோம். … எந்த போன் இது? … பழசா? நான் குடுத்த போனா? … ஐயோ. … அதுல கால் வந்தா நெட் நின்னுடுமே!"

அந்தப் போன் அவள் கைக்கு வந்த கதையும் இதே கதைதான். கம்பெனியில் அவளுக்குப் புதுப் போன் தருவதாகச் சொன்னார்கள். எந்தப் போன் நல்லது என்று கடை கடையாக விசாரித்துச் சொன்னவன் கொக்கு. அது தெரிந்ததும் பிரிண்டர்க்காரர், 'அவன் பார்த்துக் கொடுத்த போன் உனக்கு எதுக்கு?' என்று தன் போனையே எடுத்து நீட்டிவிட்டார். பேசினால் நெட் நிற்கும், நெட் ஓடினால் பேசக் கூடாது என்கிற வகைப் போன். அவர் ஒவ்வொரு தடவை கூப்பிட்டபோதும், இறங்கிக்கொண்டிருந்த ஓஎஸ் பாதி வழியில் நின்று, திரையில் அந்த ஒரு வரி வந்து, கொக்கு அதை வாசித்திருக்கிறான். இப்போது இவ்வளவு நேரம் அவர் பேசியதில், அங்கே ஒரு எழுத்துகூட இறங்கவில்லை.

"ஏன் நீ சொல்லல? … சொல்ல வந்தியா. … எப்போ? … ரூமுக்குள்ள வந்ததுமேவா? … ஆமா, அப்புறம் சொல்லுன்னேன். … தம்பியும் சொல்ல வந்தாரா? … ஆமா, போனைப் பத்தின்னு ஆரம்பிச்சாரு. நான் நாற்காலியைக் கேட்டேன். … ம். … ம். … என் நம்பரை பிளாக் பண்ணியிருக்கலாமே நீ? … பண்ணியிருந்தா? … கிளம்பி நேரா அங்க வந்திருப்பேன். ஆமா. வந்து முதலாளி முன்னாடி கதவைத் தட்டியிருப்பேன். … அதுக்கு இதுவே தேவலைன்னு விட்டுட்டியா. … திட்டு. நல்லா திட்டு. … இல்ல, திட்டாதே, அதுக்கும் நேரம் இல்ல. எவ்வளவு பாக்கி இருக்கு? … அவ்வளவுதானா? … அப்போ நான் சும்மா இருந்திருந்தா எப்போவோ முடிஞ்சிருக்கும். … மழுப்பாதே, முடிஞ்சிருக்கும். … முதலாளி வந்துட்டாரா? கதவுகிட்டயா? … பையோட அந்த ஆளுமா? … ஐயோ, ஐயோ. சரி, நான் வைக்கறேன். … வைக்கறேன். இதோ வெச்சுட்டேன்."

வைக்கவில்லை. போன் காதிலேயே இருந்தது. குமாஸ்தா பொறுக்கமாட்டாமல் எழுந்து, வையுங்கள் வையுங்கள் என்று கையால் காட்டினார்.

வைத்தால் நெட் ஓடும். ஓடினால் திரையில் வரிகள் வரும். வந்தால் வாசிக்க வேண்டும். அதை நினைத்தால்தான் பிரிண்டர்க்காரருக்கு விரல் வரவில்லை. ஏனென்றால் அவர்கள் கல்யாணம் நிச்சயமானது கோவிலிலும் இல்லை, வீட்டிலும் இல்லை, அந்தத் திரைக்கு முன்னால்தான். இதே மாதிரி ஒரு ஓஎஸ் போடுகிற நாளில், வரிசையாக வாசித்துக்கொண்டே வந்தவர், திரையில் இல்லாத ஒரு வரியை அதே குரலில் வாசித்தார். கல்யாணம் பண்ணிக்கலாமா? அவள் பழக்கதோஷத்தில் 'சரி' என்று சொல்லிவிட்டு, அமுக்கப்போன விரலை அப்படியே நிறுத்தித் திரும்பிப் பார்த்தாள். மாற்றிச் சொல்லவில்லை.

"ஏம்மா… அடுத்த வரி வந்ததும் நீயே வாசிச்சு… … இல்ல. வேண்டாம். தனியா வேண்டாம். கடைசியில சர்வர் எந்த டிஸ்க்லேர்ந்து கிளம்பணும்னு கேக்கும், முதலாளி முதுகுப் பக்கம் நிக்கறப்போ அங்கதான் கை தவறும். … ஆமா. ரெண்டு பேரா இருங்க. … தம்பி… தம்பி, காதைத் திறங்க. … மூடவே இல்லையா. பரவாயில்ல. இங்க கேளுங்க. நீங்க வாசிங்க. … ஆமா, நீங்கதான். எழுத்து விடாம வாசிங்க. வேகமா வாசிச்சா அவளுக்கு எரிச்சல் வரும், நிறுத்தி நிறுத்தி வாசிங்க. அவ சரின்னு சொல்றவரைக்கும் அடுத்த வரிக்குப் போகாதீங்க. முதலாளி வந்து காதுகிட்ட கத்தினாலும் அவ பக்கத்தைவிட்டு எழுந்திருக்காதீங்க. … ம். … இன்னும் ஒண்ணு தம்பி. திரையில என்ன இருக்கோ, அதை மட்டும் வாசிங்க. … இல்ல, அதுக்கு அர்த்தம் அவளுக்குத் தெரியும். … சிரிக்கறாளா? … சிரிக்கட்டும்."

"ஏம்மா… … எனக்கு என்ன, நல்லாத்தான் இருக்கேன். … எரியுதுதான். எரியாம எப்படி இருக்கும்? எரியட்டும், நீ உன் வேலையைப் பாரு. … வேன் கிளம்பினப்புறம் கூப்பிடு. அதுவரைக்கும் நான் கூப்பிட மாட்டேன். … சத்தியமா. … குமாஸ்தா சாட்சி. … நீ வைக்காதே, நான் வைக்கறேன். …"

எப்போதும் அவள் வைத்த பிறகுதான் அவர் வைப்பார். அந்தப் பக்கம் நாற்காலியைத் திரைக்குப் பக்கத்தில் இழுக்கிற சத்தம் கேட்டது. கொக்கு தொண்டையைக் கனைத்துக்கொண்டான். பிரிண்டர்க்காரர் அதையும் கேட்டுவிட்டு, மை படிந்த கட்டைவிரலால் சிவப்புப் பட்டனை அமுக்கினார்.